காலிப் பெட்டியோடு ஏதென்ஸ் பார்த்தது

கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய காப்பி அறையில் அன்று காலை ஒன்பதே காலுக்கு இருந்தவர்கள் ஐந்து பேர். சுவருக்கு முதுகு கொடுத்து, ஜன்னலோரம், என் அக்கா கணவர் ஸ்தெர்யோஸ். அவருக்கு எதிரே நான். எனக்கு இடப்பக்கம் தனாய் என்கிற பெண். இறந்துபோன எவாந்தியாவோடு பதினோரு வருடம் சுற்றுலா வழிகாட்டியாக வேலை பார்த்தவள். மேசையின் அந்தக் கோடியில் பாதிரியார், அங்கி நுனியில் மண்ணோடு. குழி தோண்டுகிற கொஸ்மாஸ் உட்காரவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றார். மீதமிருந்த ஒரு நாற்காலியில் பெட்டி இருந்தது.

தகரப் பெட்டி. அக்கா கருஃபல்யா எங்கள் ஊர் சொஃபாதெஸில் சொல்லிச் செய்தது. மூடியில் மகளின் பெயரும், பிறந்த வருடமும், இறந்த வருடமும் வெள்ளைப் பெயின்ட்டில். உள்ளே அவள் தைத்துக் கொடுத்த துணியும் ஒரு சீசா சிவப்பு ஒயினும். ஏதென்ஸில் செத்தவர்களுக்கு மண் வாடகைக்குத்தான் கிடைக்கும். மூன்று வருடம் ஆனதும் தோண்டி, எலும்பை ஒயினில் கழுவி, பெட்டியில் வைத்து உறவுக்காரர் கையில் கொடுத்துவிடுவார்கள். எவாந்தியா ஒரு பிப்ரவரியில் நோயில் இறந்தபோது பனியில் மலைப்பாதை மூடிக்கிடந்தது. எங்களால் வரவும் முடியவில்லை, உடலை ஊருக்குக் கொண்டுபோகவும் முடியவில்லை. அவளோடு வேலை பார்த்தவர்களே அடக்கம் செய்தார்கள். மூன்று வருடம்தானே, பிறகு வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று அக்காவுக்கு நாங்கள் சொல்லியிருந்தோம். மறுநாள் மாலைப் பேருந்துக்கு, இறந்தவர்களுக்குப் படைக்கிற அவித்த கோதுமையோடு அவள் காத்திருப்பாள். இடுப்பெலும்பு உடைந்த பிறகு அவளால் பயணம் முடியாது.

பெட்டிக்குள் இப்போதும் துணியும் ஒயினும்தான் இருந்தன. கொஸ்மாஸ் தோண்டிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் மண்வெட்டியை நிறுத்திப் பாதிரியாரைப் பார்த்தார். பாதிரியார் எங்களை நாலு அடி பின்னால் போகச் சொன்னார். உடல் கரையவில்லை. அப்படி வந்தால் தோட்டத்தின் பின்பக்கம் வேறு பகுதியில் திரும்பப் புதைப்பது வழக்கம். புதைத்தார்கள். இன்னும் இரண்டு வருடம் ஆகும் என்றார்கள்.

"பெரியவரே, காப்பி ஆறுது," என்றார் கொஸ்மாஸ். "இதுல மனசு உடையறதுக்கு ஒண்ணுமில்லை. பத்துக்கு மூணு இப்படித்தான் வருது. இந்த மண்ணுல எத்தனை பேரைப் போட்டு எடுத்தாச்சு! மண்ணுக்கே சலிச்சுப்போச்சு. அதோட ஆஸ்பத்திரியில ஏத்துற மருந்து இருக்கே, அது புழுவைக்கூடக் கிட்ட விடாது."

"கொஸ்மாஸ்! காப்பி குடிக்கிறாங்க," என்றார் பாதிரியார்.

"ஆறுதல்தானே சாமி சொன்னேன்."

ஸ்தெர்யோஸ் கோப்பையைத் தொடவில்லை. தொப்பியை முழங்காலில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "மண்ணுக்குச் சலிப்பெல்லாம் இல்லை," என்றார். "நான் சொன்னதை அது கேட்டுருக்கு."

மற்றவர்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பதினெட்டு வருடத்துக்கு முன்னால், செப்டம்பர் மாதம், ஒரு வியாழக்கிழமை. சொஃபாதெஸ் ரயில் நிலையத்தில் ஸ்தெர்யோஸும் அக்காவும் நானும் நின்றோம். இருபத்தொரு வயது எவாந்தியா ஏதென்ஸ் ரயிலில் ஏறிவிட்டாள். பருத்தி ஆலைக்காரரின் மகனுக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். அவளோ வழிகாட்டிகள் பள்ளியில் சேரப்போகிறேன் என்று புறப்பட்டுவிட்டாள். ரயில் நகர்கிறபோது ஸ்தெர்யோஸ் கத்தினார்: "செத்தாலும் மண்ணு உன்னைக் கரைக்காமப் போகட்டும்!" எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய சாபம் கிடையாது. பெற்றவர் வாயிலிருந்து வந்தால் அது நிற்கும் என்பார்கள். அக்கா தலைத்துணியை வாயில் அடைத்துக்கொண்டாள்.

பிறகு எல்லாம் சரியாகத்தான் போனது. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் எவாந்தியா வருவாள். அப்பாவும் மகளும் ஆட்டுக்கறியை நடுவில் வைத்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசுவார்கள். அந்த வார்த்தையை யாரும் எடுக்கவில்லை. அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை.

அந்தச் சாபத்தை ஸ்தெர்யோஸே எல்லோரிடமும் சொன்னதும், பாதிரியார் பாவமன்னிப்பு ஜெபம் வாசிக்கிறேன் என்றார். ஸ்தெர்யோஸ் கையை உயர்த்தித் தடுத்தார். "சொன்னது நான். நீங்க எப்படி எடுப்பீங்க, சாமி?"

பாதிரியாருக்கு அடுத்த குழி காத்திருந்தது. அவரும் கொஸ்மாஸும் எழுந்து போனார்கள்.

நாங்கள் மூவரும் பெட்டியும் மிச்சம். நான் காகிதத்தை எடுத்தேன். சொஃபாதெஸில் தொலைபேசி காப்பிக் கடையில் மட்டும்தான். அதில் எதைச் சொன்னாலும் சீட்டாடுகிறவர்கள் காதுக்கும் போகும். ஆகவே, நாளை வரவில்லை, கடிதம் வருகிறது என்று மட்டும் தனாயை விட்டுப் பேசச் சொல்வது, மீதியை எழுதி அனுப்புவது என்று முடிவு செய்தேன்.

"என்ன எழுதப் போற?" என்றார் ஸ்தெர்யோஸ்.

"நடந்ததை, அத்தான்."

"எழுதாத. ஆபீஸ்ல ஏதோ காகிதம் பாக்கி, கையெழுத்துப் போடறவன் லீவுன்னு எழுது."

"நாப்பது வருஷமா ஊருக்கெல்லாம் கடுதாசி எழுதறேன். ஒரு பொய் எழுதினதில்லை."

"நீ பெரிய சுவிசேஷக்காரன்! உன் அக்கா அதைக் கேட்டவ, மச்சான். பக்கத்துல நின்னவ. கரையலைன்னு ஒரு வரி படிச்சாப் போதும், அவளுக்கு வேற யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அதுக்கப்புறம் நான் எந்த மூஞ்சியோட அந்த வீட்டுக்குள்ள போறது?"

நான் பொய்யையே எழுதினேன். ஆறு வரி. மடித்துப் பையில் வைத்தேன், ஒட்டவில்லை.

அவர் தனாயைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, அவ எங்க நின்னு வேலை பார்த்தா?"

"எங்கேன்னா, மாமா? ஊர் முழுக்கத்தான்."

"பின்பக்கம் புதைச்ச இடத்துல நான் பேச முடியாது. பக்கத்துலயே ரெண்டு பேரு அடுத்த குழி வெட்டிக்கிட்டு ஃபுட்பால் பேசறானுங்க. அவ நின்ன இடம் ஒண்ணு காட்டு."

சொல்லிக்கொண்டே கோட்டின் உள்பையிலிருந்து காகிதக் கட்டு ஒன்றை எடுத்தார். எனக்குத் தெரிந்த கையெழுத்து. ஒவ்வொரு அக்டோபரும் எவாந்தியா வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் இரண்டாவது தாள் தனியாக இருக்கும். அப்பாவும் அம்மாவும் ஏதென்ஸ் வந்தால் என்னென்ன பார்க்க வேண்டும் என்ற பட்டியல். அக்கா சத்தமாகப் படிப்பாள். ஸ்தெர்யோஸ், "பருத்தி முடியட்டும், பாப்போம்," என்பார். பதினைந்து அக்டோபர்கள். அந்தத் தாள்கள் அடுப்புக்குப் போயிருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மேலே இருந்த கடைசித் தாளில் இப்படி இருந்தது:

"முதல் நாள் காலை பாறைக்கோட்டை. எட்டு மணிக்கு முன்னாடி, பஸ்ஸுங்க வந்து சேர்றதுக்குள்ள. பளிங்கு வழுக்கும். அப்பா கோயிலுக்குப் போடற ஷூ வேண்டாம், வயல் பூட்ஸ் போட்டுக்கணும். அப்பாவுக்குத் தூண் பிடிக்காது. மேல போனதும் தெற்கே திரும்பி நிக்கச் சொல்லு. கடல் தெரியும்.

மத்தியானம் இறைச்சி மார்க்கெட்ல குடல் சூப். அப்பா குறை சொல்வார், ஆனா ரெண்டு கிண்ணம் குடிப்பார்.

சாயங்காலம், செங்குத்தா ஏறற கம்பி ரயில்ல லிகவிட்டோஸ் குன்று. அம்மா கண்ணை மூடிக்கலாம்.

ஞாயிறு பதினோரு மணி, பார்லிமென்ட் வாசல்ல காவல் மாத்தறது. குஞ்சம் வெச்ச செருப்பைப் பார்த்து அப்பா சிரிக்கக் கூடாது. அந்தச் சிப்பாய்ங்க ஆடாம நிக்கணும், திரும்பச் சிரிக்க முடியாது, பாவம்."

தனாய் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டாள். பிறகு, "டிராலி பஸ் இருபது நிமிஷம். பெட்டியை இங்க விட்டுட்டுப் போலாம்," என்றாள்.

"விடறதாவது! அவ அம்மா குடுத்தனுப்பினது," என்று ஸ்தெர்யோஸ் அதைக் கையில் தூக்கிக்கொண்டார்.

பெட்டியோடு பேருந்தில் ஏறியதும் எழுந்து இடம் கொடுத்தார்கள். மூடியில் எழுதியிருந்ததைப் பார்த்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். எங்கள் ஜனங்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. உள்ளே யாரும் இல்லை என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. ஒரு பெண்மணி ஸ்தெர்யோஸின் கையைத் தொட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா? நல்லது, நல்லது," என்றாள். அவர் தலையாட்டினார்.

பாறையின் அடிவாரத்தில் பதினோரு மணிக்கு வெளிநாட்டுக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். நீலத் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பாட்டி பெட்டியைக் காட்டி என்னவோ கேட்டாள்.

"என்ன சொல்லுது அது?" என்றார் ஸ்தெர்யோஸ்.

தனாய் தயங்கினாள். "விலை கேக்கறாங்க, மாமா. கைவேலைன்னு நினைச்சுட்டாங்க."

ஸ்தெர்யோஸ் பாட்டியை ஏற இறங்கப் பார்த்தார். "கடை இன்னும் திறக்கலைன்னு சொல்லு," என்றார். அன்று அவர் பேசிய ஒரே வேடிக்கை அதுதான். அவர் முகம் சிரிக்கவில்லை.

வாசல் காவலர் பெட்டியோடு மேலே விட முடியாது என்றார். "உள்ள என்ன?"

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லாததை எதுக்கு அய்யா தூக்கிட்டு..." என்றபடி குனிந்தவர் மூடியைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். தனாயைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். காவலர் தொப்பியைக் கழற்றினார்.

"நீங்க முழங்கால் வலிக்காரரா?"

"உனக்கு யார் சொன்னா?"

"அவதான். வருஷாவருஷம் அக்டோபர் கடைசியில வந்து நச்சரிப்பா. எங்கப்பா வந்தா எந்தப் பக்கமா ஏத்தறது, எங்க உக்கார வெக்கறதுன்னு. ஒரு தடவை கீழேருந்து மேல வரைக்கும் படியை எண்ணிட்டே போனா. நான்கூட, 'உங்கப்பா என்ன ராஜாவா?'ன்னு கேலி பண்ணினேன்." அவர் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். "இடது பக்கமா போங்க. படி கம்மி. அப்படித்தான் முடிவு பண்ணி வெச்சிருந்தா."

அந்தப் பக்கமாகவே ஏறினோம். நாலு இடத்தில் நின்றோம். அவர் கோயில் ஷூதான் போட்டிருந்தார். துக்கத்துக்கு வந்தவர் வேறு எதைப் போடுவார்? பளிங்கு வழுக்கியது. தனாய் ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்துக்கொண்டோம். பெட்டி நடுவில் அவர் வயிற்றோடு அணைந்திருந்தது.

தூண்களை அவர் பார்க்கவே இல்லை. தெற்கே திரும்பி ஒரு கல்லில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

"கடல் எங்க இருக்கு, மச்சான்? கண்ணு கலங்குது."

"வீடெல்லாம் முடியற இடத்துல, அத்தான். அந்த வெள்ளைக் கோடு."

"ம். இருக்கு." தொண்டையைச் செருமிக்கொண்டார். காப்பிக் கடைத் தொலைபேசியில் பேசுவதுபோலக் குரலை உயர்த்திச் சொன்னார்: "எவாந்தியா! பருத்தி முடிஞ்சுது. வந்துட்டேன்."

பிறகு, மறுமுனையில் யாரோ பேசக் காத்திருப்பவர்போல, தலையைச் சாய்த்துச் சும்மா இருந்தார். பக்கத்தில் இரண்டு பள்ளிப் பெண்கள் தூணோடு சேர்த்து ஒருத்தியை ஒருத்தி படம் எடுத்தார்கள். இறங்கும்போதுதான் என்னிடம் சொன்னார்: "இங்க அதைச் சொல்ல வாய் வரலை. இத்தனை பேரு நல்ல உடுப்புப் போட்டுக்கிட்டு வந்திருக்கற இடத்துல, அந்த வார்த்தையை எப்படி வெளிய எடுக்கறது?"

இறைச்சி மார்க்கெட்டின் சூப்புக் கடையில் மூன்று பேருக்கும் கிண்ணம் வந்தது. ஆவி பறந்தது. ஸ்தெர்யோஸ் இரண்டு கரண்டி குடித்துவிட்டு வைத்துவிட்டார். குறையும் சொல்லவில்லை. அக்கம்பக்கத்து மேசைகளில் சுமை தூக்குகிறவர்கள் உறிஞ்சிக் குடிக்கிற சத்தம். அவர் பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு ஒரு கிளாஸ் தண்ணீரும் ஒரு பிடி உப்பும் கேட்டார்.

"உப்பு பத்தலையா, பெரியவரே? எங்க சமையல்காரன் காதுல விழுந்தா கத்தியோட வருவான்!"

"சூப்புக்கு இல்லைப்பா."

எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் சாபம் கொடுத்தவர் சாகுமுன் அதைத் திரும்ப வாங்க ஒரு முறை உண்டு. உப்பைத் தண்ணீரில் போட்டு, இது கரைகிற மாதிரி என் வார்த்தையும் கரையட்டும் என்று மூன்று தரம் சொல்லி, கால்படாத இடத்தில் ஊற்ற வேண்டும். உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் அதைச் செய்வார்கள். செத்துப்போனவளுக்குச் செய்து நான் பார்த்ததில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

உப்பைப் போட்டார். கரண்டியின் பின்பக்கத்தால் கலக்கினார். பெரிய கல் உப்பு, தண்ணீரும் சில்லென்றிருந்தது. அடியில் உருண்டுகொண்டே இருந்தது. அவர் விடாமல் கலக்கினார். கால் மணி நேரம் இருக்கும். தனாய் கையை நீட்டி, "நான் கொஞ்சநேரம் கலக்கட்டுமா, மாமா?" என்றாள். "நான்தான் செய்யணும்," என்றார். கடைசிக் கல்லும் போனதும் கிளாஸை வாயருகே பிடித்து மூன்று தரம் சொன்னார். ஒவ்வொரு தரமும் அவள் முழுப்பெயரைச் சொன்னார்.

பிறகு கிளாஸோடு எழுந்து வாசலுக்குப் போனார். நடைபாதையில் கூட்டம். எதிர்ப்பக்கம் சதுக்கத்தில் மரத்தடியில் செருப்புத் துடைப்பவர்கள். இடமும் வலமும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"எங்க ஊத்தறது?" என்றார். "ஊரே நடக்குது இங்க. ஒரு சாண் இடம் பாக்கி இல்லை."

"என் வீட்டு மாடியில தொட்டி இருக்கு, மாமா, அதுல..." என்று தனாய் தொடங்கினாள்.

அவர் கிளாஸைத் தூக்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டார். நான் கையைப் பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது. முகம் சுருங்கி, இருமி, மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பரிமாறுகிறவன் ஓடிவந்து முதுகைத் தடவினான். "பெரியவரே, என்ன காரியம் இது! ஒயின் இல்லையா ஊர்ல!"

"ஒண்ணுமில்லை. ஒண்ணுமில்லை," என்று வாயைத் துடைத்துக்கொண்டார். கண்ணில் வந்த தண்ணீர் இருமலால்தானா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மூச்சு சீரானதும், "கரைஞ்சிருக்குமா, மச்சான்?" என்று கேட்டார்.

"தெரியலை, அத்தான்."

"எனக்கும் தெரியலை. ரெண்டு வருஷம் கழிச்சு அந்தக் கொஸ்மாஸ்தான் சொல்லணும். அதுவரைக்கும் நான் இருக்கணுமே." என் பக்கம் கையை நீட்டினார். "காலைல எழுதினதை எடு."

எடுத்தேன். ஆறு வரியையும் விரல் வைத்துப் படித்தார். நாலாய்க் கிழித்துச் சூப்புக் கிண்ணத்துக்கு அடியில் செருகினார்.

"நடந்தபடி எழுது. மூணு வருஷமா உன் அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. 'நீ சொன்னியே, அதனாலதான் பொண்ணு போயிட்டாளா?'ன்னு ஒரு நாள் கேட்டிருந்தாக்கூட எனக்கு லேசா இருந்திருக்கும். கேக்காம இந்தப் பெட்டியை மட்டும் செஞ்சா. எலும்பு வந்து சேர்ந்தா நான் சொன்னது பலிக்கலைன்னு ஆயிடும்னு காத்திருந்தா. எனக்காகத்தான் காத்திருந்தா, மச்சான். அவகிட்டப் போய் ஆபீஸ்காரன் லீவுங்கறதா?"

எழுதினேன். குழியில் பார்த்தது, கொஸ்மாஸ் சொன்ன காரணம், திரும்பப் புதைத்த பகுதி, வரிசை எண், தேதி. எவாந்தியா அப்பாவுக்காகப் படி எண்ணியதையும் எழுதினேன், ஒன்றும் சேர்க்காமல், ஒன்றும் குறைக்காமல். உப்புத் தண்ணீரையும் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வரை நாங்கள் ஏதென்ஸில்தான் இருப்போம், தனாய் வீட்டில் தங்குகிறோம், பட்டியலில் மீதியையும் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று அத்தான் சொல்கிறார் என்றும் எழுதினேன். கோதுமையை ஊறப்போட்டிருந்தால் வீணாக்காமல் கோயிலுக்குக் கொடுத்துவிடச் சொன்னேன்.

அவர் பேனாவைக் கேட்டார். அவர் எழுதி நான் பார்த்தது பருத்திச் சீட்டில் கையெழுத்து மட்டும்தான். தாளின் அடியில் பெரிய எழுத்தில், நேரம் எடுத்து எழுதினார்:

"கருஃபல்யா, சொன்னது நான்தான். நீ என்னைத் திட்டலாம். திட்டு. வந்து கேட்டுக்கிறேன்."

படித்துக் காட்டினார். இன்னும் ஏதாவது சேர்க்கணுமா என்று என்னைக் கேட்டார். வேண்டாம் என்றேன்.

தபால் நிலையம் மூன்று தெரு தள்ளி இருந்தது. தனாய் தொலைபேசிக் கூண்டுக்குள் போய் ஊர்க் காப்பிக் கடையைக் கூப்பிட்டாள். நாளை வரவில்லை, கடிதம் வருகிறது என்பதை அவள் இரண்டு தரம் கத்திச் சொன்னது வெளியே கேட்டது. நான் தாளை மூன்றாக மடித்து உறையில் போட்டேன். ஸ்தெர்யோஸ் உறையை வாங்கிக்கொண்டார். நாக்கில் இன்னும் உப்பு இருந்திருக்க வேண்டும். பசையை நக்கும்போது முகம் சுளித்தார். ஒட்டிய ஓரத்தைக் கட்டைவிரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அழுத்தித் தேய்த்தார்.

"அவசரத் தபாலா, சாதாவா?" என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

"அவசரம்," என்றார் அவர்.

அவள் முத்திரையைக் குத்தி, உறையைப் பின்னால் திறந்திருந்த சாக்குப் பைக்குள் போட்டாள்.